நூலகத்தில் கூட்டம் எதற்கு?



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியம், கம்பன், பாரதி என்று தலைப்பு அமைவது வழக்கம். நான் அமைப்பாளர்களிடம் வேறு தலைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு பேட்டையின் சிறிய நூலகத்தில் நடக்கும் கதை நேரம், வாசகர் வட்டக் கூட்டம், நூலக வார விழா, கோடை விடுமுறை வகுப்பு ஆகியவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நூலகத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது 'அமைதி காக்கவும்' என்ற பலகை. தினமும் பேப்பர் படிக்க வருகிற பெரியவர், கூட்டத்துக்காக மேசையை ஓரம் தள்ளும்போது முகம் சுளித்தால் அதில் நியாயம் உண்டு. படிக்கிற இடத்தில் மைக் எதற்கு? பேனர் எதற்கு? கூட்டம்தான் எதற்கு? இந்தக் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொல்லாமல் நாம் விழா நடத்திக்கொண்டே போகக் கூடாது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலமாரியில் யாரும் தொடாமல் ஒரு புத்தகம் இருக்கிறது. அது தனக்காகத்தான் இருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் தினமும் இந்த வாசலைக் கடந்து போகிறார். இரண்டு பேரையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு ஆள் வேண்டும். கூட்டம் அந்த ஆளின் வேலையைச் செய்ய வேண்டும். அதைச் செய்யாத கூட்டம் எவ்வளவு பிரமாதமாக நடந்தாலும் அதை ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்தியிருக்கலாம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். இந்திய விடுதலைக்குப் பின் ஒரு மாகாணம் நூலகத்துக்கென்று இயற்றிய முதல் சட்டம் அது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. நூலக ஆணைக்குழு என்னென்ன செய்யலாம் என்று சட்டம் வரிசையாகச் சொல்கிறது. இடம், கட்டடம், புத்தகம், பத்திரிகை, வரைபடம் ஆகியவற்றோடு விளக்குப் படச் சில்லுகளும் சினிமாச் சுருள்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சொற்பொழிவுக்கும் வகுப்புக்கும் ஏற்பாடு செய்யும் அதிகாரமும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எழுத்தறிந்தவர்களே சிறுபான்மையாக இருந்த நாளில், எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் நூலகத்தில் இடம் வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஆகவே நூலகத்தில் கூட்டம் நடத்துவதைச் சலுகையாக யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. அது நூலகத்தின் வேலையில் ஒரு பகுதி.

அந்தச் சட்டத்தின் பின்னால் இருந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனவர், பக்கத்தில் குராய்டன் ஊரின் பொது நூலகத்தில் பெர்விக் சேயர்ஸ் என்ற நூலகரிடம் வேலை பழகினார். தொழிலாளியும் குடும்பப் பெண்ணும் குழந்தையும் தயக்கமில்லாமல் வந்து போகிற நூலகத்தை அவர் பார்த்தது அங்கேதான். ஊர் திரும்பிய பின், 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியதில் முன்னின்றார். 1931இல் அச்சங்கம் வெளியிட்ட அவருடைய புத்தகம் நூலகத்துக்கு ஐந்து விதிகளைச் சொன்னது. நூல்கள் பயன்படுத்தப்படவே இருக்கின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தை வீணாக்காதே. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். நூலகவியல் மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற விதிகள் இவை.

இவற்றில் மூன்றாவதைத்தான் நான் இன்று பிடித்துக்கொள்கிறேன். வாசகருக்கு நூல் வேண்டும் என்பது எல்லோருக்கும் புரியும். நூலுக்கு வாசகர் வேண்டும் என்றால் பொறுப்பு நூலகத்தின் பக்கம் வந்துவிடுகிறது. 'யாரும் வந்து கேட்கவில்லை' என்று கையை விரிக்க முடியாது. புத்தகத்தைத் திறந்த அலமாரியில் வை, பார்வையில் படும்படி அடுக்கு, வந்தவரிடம் பேசு, அதோடு நிற்காமல் வராதவரைத் தேடிப் போ என்கிறது அந்த விதி. ரங்கநாதன் அதை விளக்கும் இடத்திலேயே நூலகத்தின் விரிவுப் பணிகளையும் சேர்த்துப் பேசுகிறார். அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சியால் மாட்டுவண்டியில் ஒரு நடமாடும் நூலகம் புறப்பட்டது. தஞ்சைச் சீமையின் மண்சாலைகளில் புத்தகம் ஆளைத் தேடிப் போயிற்று. தத்துவத்தை எழுதியவரும் அதை வண்டியில் ஏற்றியவரும் ஒரே காலத்தில் ஒரே மாகாணத்தில் இருந்தார்கள். அந்தக் காலத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ரங்கநாதன் வரைந்த நூலக மசோதாவை 1933இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் பஷீர் அகமது சயீத். பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், தேனாம்பேட்டையில் பெண்களுக்குக் கல்லூரி கண்டவர். அன்று மசோதா நிறைவேறவில்லை. சட்டம் வர மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

சரி, நம் சிந்தாதிரிப்பேட்டைக்கு வருவோம்.

கூவம் வளைத்துக்கொண்டு ஓடும் இந்த நிலத்தில் 1730களில் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் கிழக்கிந்தியக் கும்பினியார் நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். நூற்பவர், நெய்பவர், துணிக்குச் சாயமும் சித்திரமும் ஏற்றுபவர், வெளுப்பவர் என்று தொழிலை வைத்தே உருவான ஊர் இது. ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் அந்தக் குடியேற்றத்தோடு வந்தவர்கள். நூறாண்டு கழித்து, 1837இல், செங்குன்றத்திலிருந்து சாலைக்கான கல்லை ஏற்றிவந்த தண்டவாளம் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே வந்து முடிந்தது. இந்தியாவின் முதல் ரயில் தடம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது அதைத்தான். இன்று நம் தலைக்கு மேல் பறக்கும் ரயில் போகிறது.

நெசவும் கல்லும் மட்டும் இந்தப் பேட்டையின் கதையாக இருந்தால் நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன். எழுத்தின் கதையும் இங்கே உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மிரன் வின்ஸ்லோ சிந்தாதிரிப்பேட்டையில் தங்கிப் பணி செய்தவர். 1862இல் வெளிவந்த அவருடைய தமிழ் - ஆங்கில அகராதியில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. யாழ்ப்பாணத்தில் வேறு பாதிரிமார் தொடங்கிய சொல் தொகுப்பு சென்னைக்கு வந்து, தமிழ்ப் புலவர்கள் பலர் கூடி உட்கார்ந்து பொருள் சொல்லிச் சரிபார்த்து உருவான புத்தகம் அது. அட்டையில் ஒருவர் பெயர் இருக்கிறது. உள்ளே பல பேருடைய பேச்சு இருக்கிறது.

அதே மிஷன் கட்டிய சீயோன் ஆலயத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குருவாக இருந்தவர் டபிள்யூ.டி. சத்தியநாதன். அவர் மனைவி அன்னா சத்தியநாதன் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்தியவர். வெளியே வர இயலாத பெண்களுக்கு வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லும் வேலையையும் முன்னின்று செய்தவர். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்த கிருபாபாய் என்ற இளம்பெண் தங்கியது அவர்கள் வீட்டில்தான். உடல்நலம் கெட்டு மருத்துவப் படிப்பு நின்றுபோயிற்று. அந்த வீட்டு மகன் சாமுவேலை மணந்து கிருபாபாய் சத்தியநாதன் ஆனார். 'சகுணா', 'கமலா' என்று இரண்டு நாவல்களை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு 1894இல், முப்பத்திரண்டு வயதில், காலமானார். இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் தன்வரலாற்று நாவல் என்று 'சகுணா'வைச் சொல்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் அந்த நாவலைப் பாடமாக வைக்கிறார்கள், ஆய்வேடு எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் இந்தப் பேட்டைக்கும் உள்ள உறவு இந்தத் தெருக்களில் விளையாடும் எத்தனை பெண் பிள்ளைகளுக்குத் தெரியும்?

இங்கே ஒரு நிகழ்ச்சி தயாராக இருக்கிறது பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், இருபது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நூலகத்திலிருந்து கிளம்ப வேண்டும். ஆதிகேசவப் பெருமாள் - ஆதிபுரீசுவரர் இரட்டைக் கோயில், சீயோன் ஆலயம், நேப்பியர் பூங்காவாக இருந்து மே தினப் பூங்காவான இடம், கூவக்கரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடக் கதை. திரும்பி வந்ததும் சென்னை வரலாறு பற்றி இந்த நூலகத்தில் இருக்கும் புத்தகங்கள் ஒரு மேசை மேல் பரப்பியிருக்க வேண்டும். பிள்ளைகள் கையில் உறுப்பினர் அட்டை இருக்க வேண்டும். அந்த மேசை இல்லாவிட்டால் நடந்தது உலா மட்டும். மேசை இருந்தால்தான் அது நூலக நிகழ்ச்சி. இந்த வேறுபாட்டை இன்று நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அண்ணா சாலையில், தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. எல்.எல்.ஏ. கட்டடம் என்று சொன்னால் தமிழ் எழுத்தாளர் எல்லோருக்கும் தெரியும். அதன் அரங்கில் எத்தனை நூல் வெளியீடு, எத்தனை விமரிசனக் கூட்டம், எத்தனை அஞ்சலிக் கூட்டம்! சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் முதன்முதலில் நடந்ததும் அதே அண்ணா சாலையில், மதரஸா பள்ளியில். தமிழ் இலக்கியத்தின் பெரிய கூட்டங்கள் நமக்கு இவ்வளவு பக்கத்தில் நடந்திருக்கின்றன. ஆனால் அந்த அரங்கத்துக்கு வருகிறவர்கள் அநேகமாக ஏற்கெனவே வாசகர்கள். தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். பேட்டைக்காரர்கள் போவது குறைவு. அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய அரங்கம் வாசகர்களுக்கான இடம். இன்னும் வாசகர் ஆகாதவருக்கான இடம் சிறிய நூலகம். இந்த வேலையைப் பெரிய நூலகம் செய்ய முடியாது. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று அருமையான தளம் இருக்கிறது. நான் அதைக் கொண்டாடுகிறேன். ஆனால் அங்கே போக ஒரு குழந்தைக்கு அப்பாவோ அம்மாவோ அரைநாள் லீவு போட வேண்டும். இங்கே வர அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தால் போதும்.

அப்படியானால் சிறிய நூலகத்தை நடத்துவது யார்? நூலகர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார், அரசு நடத்துகிறது, நாம் வந்து படித்துவிட்டுப் போகிறோம் என்பது தமிழ்நாட்டில் நம் பழக்கம். கேரளத்தில் கதை வேறு. 1945இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். அங்கே கிராம நூலகம் என்பது ஊரார் கூடிக் கட்டியது, ஊராரே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது. சட்டம் 1989இல்தான் வந்தது. மக்கள் இயக்கம் முந்திக்கொண்டது. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். 1933இல் கே.எம். செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறிய வாசகசாலை, அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறைக்குப் போய், தெற்காசியாவின் பெரிய நூலகங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. ஊர் தன் கையால் வளர்த்ததனால்தான் அந்த நெருப்பு இன்றும் ஒவ்வொரு யாழ்ப்பாணத்தவர் நெஞ்சிலும் எரிகிறது.

தமிழ்நாட்டில் மக்கள் தாமாக வளர்த்த வாசிப்பு இடங்கள் இருக்கவே செய்தன. சென்னையின் தெருமுனைகளில் கட்சிக்காரர்கள் நடத்திய படிப்பகங்கள், முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்ட செய்தித்தாள்கள், தொழிற்சங்க அறைகள். திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் எழுதப் படிக்கத் தெரியாதவரையும் பத்திரிகைக்குள் இழுத்துவந்தது இந்தக் கூட்டு வாசிப்பின் வழியாகத்தான். அரசு நூலகம் வேறு பாதையில் வந்தது. சட்டத்தின் வலிமை அதற்கு உண்டு. சொத்து வரியோடு நாம் செலுத்தும் நூலக வரி, இன்று வரியில் பத்து சதவீதம், அதற்கு நிலையான வருமானம். கேரளத்து நூலகச் சங்கங்கள் நன்கொடைக்கு அலைந்த நாளில் நம்மிடம் சம்பளம் வாங்கும் பயிற்சி பெற்ற நூலகர் இருந்தார். இது சின்ன விஷயம் கிடையாது. ஆனால் வரி கட்டியதோடு நம் கடமை முடிந்தது என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது.

இந்த இரண்டு மரபும் சந்திக்கக்கூடிய ஒரே இடம் வாசகர் வட்டம். ஒவ்வொரு பொது நூலகத்திலும் வாசகர் வட்டம் அமைக்க வழி இருக்கிறது. தலைவர், செயலாளர், மாதம் ஒரு கூட்டம். ஆயிரம் ரூபாய் கொடுத்தால் நூலகத்தின் புரவலர் ஆகலாம், பெயர்ப்பலகையில் பெயர் ஏறும். இந்தப் பேட்டையில் கடை வைத்திருக்கும் பலர் அந்தத் தொகையை நாளைக்கே கொடுப்பார்கள். எனக்கு அவர்களுடைய ஆயிரம் ரூபாயைவிட மாதத்தில் ஒரு மாலை வேண்டும். ஆணைக்குழுவால் பணத்தை ஒதுக்க முடியும், ஆளை நியமிக்க முடியும். பேட்டையின் மனிதர்களை உள்ளே அழைத்துவர பேட்டையின் மனிதரால்தான் முடியும்.

இப்போது நம் விழாக்களைப் பார்ப்போம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். 1968 முதல் நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. அந்த ஒரு வாரம் நம் நூலகங்கள் களைகட்டும். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி, வினாடி வினா. சிறப்பு விருந்தினர், பொன்னாடை, சான்றிதழ். இதற்காக ஓடியாடும் நூலகர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பல நூலகங்களில் அவர் ஒருவரே எல்லா வேலைக்கும். ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்லியாக வேண்டும். போட்டியில் பரிசு வாங்குகிற குழந்தை ஏற்கெனவே பேசத் தெரிந்த குழந்தை. பள்ளியில் டீச்சர் எழுதிக் கொடுத்து, வீட்டில் அம்மா மனப்பாடம் செய்யவைத்து மேடையேறுகிறது. அது வாங்கிக்கொண்டு போகும் டிபன் பாக்ஸில் ஒரு புத்தகத்தின் பெயர்கூட இல்லை. பேசத் தெரியாத, மூன்றாம் வகுப்பு முடித்தும் வாக்கியத்தைத் தட்டித் தடவிப் படிக்கிற குழந்தை பின்வரிசையில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறது. நூலகத்துக்கு யார் முக்கியம்? அந்தப் பின்வரிசைக் குழந்தைதான்.

அந்தக் குழந்தைக்குப் போட்டி வேண்டாம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறிய கதைப் புத்தகங்களைப் போட்டது. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி, நிறையப் படம். எந்தக் குழந்தையும் எடுத்த சில நிமிடத்தில் ஒரு புத்தகத்தை முடித்துவிடலாம். முடித்தேன் என்ற அந்த உணர்ச்சிதான் அடுத்ததை எடுக்கவைக்கிறது. இப்படிப்பட்ட புத்தகங்களை வைத்து வாரம் ஒரு நாள் மாலை ஒரு மணி நேரம் தரையில் பாய் விரித்து உட்காருங்கள். பத்துக் குழந்தைகளுக்கு மேல் வேண்டாம். கதை சொல்பவர் நடித்துக் காட்ட வேண்டும், குரல் மாற்ற வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். புத்தகத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பிப் பிடித்து, எழுத்தின் கீழே விரலை ஓட்டி, நிதானமாகப் படித்தால் போதும். சொல்கிற கதையால் குழந்தை சிரிக்கும். படித்துக்காட்டுகிற கதையால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு, மறுநாள் அந்தப் புத்தகத்தைத் தேடி வரும்.

இனி பெரியவர்கள். இந்தப் பேட்டையில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் நிகழ்ச்சியை அமைக்க வேண்டும்.

நம் மீன் அங்காடியில் எத்தனையோ பெண்கள் விடியும் முன்பே வந்து உட்காருகிறார்கள். காலையில் மூச்சுவிட நேரமிராது. மதியத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் ஓய்வு. கிளை நூலகங்கள் பெரும்பாலும் காலையில் சில மணி நேரமும் மாலையில் சில மணி நேரமும் திறந்திருக்கும். அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது நாம் பூட்டியிருப்போம், நாம் திறந்திருக்கும்போது அவர்கள் வியாபாரத்திலோ அடுப்படியிலோ இருப்பார்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் நூலகத்தைத் திறந்தால் எதைப் படித்துக்காட்டலாம் என்று நானே முடிவு கட்டப்போவதில்லை. கடனும் வட்டியும், முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை என்று அவர்கள் கேட்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு சிறுகதையிலிருந்தும் தொடங்கலாம். கடற்கரை வாழ்க்கையைச் சொல்லும் நாவல்கள் தமிழில் நிறைய வந்திருக்கின்றன. மீனின் பெயரும் காற்றின் பெயரும் நம்மில் யாரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த நாவல்களின் ஒரு அத்தியாயத்தைப் படித்தால், அதில் சரி எது, தப்பு எது என்று நமக்குச் சொல்லித்தருவார்கள். நூலகக் கூட்டத்தில் கற்பிப்பவர் யார், கற்பவர் யார் என்பது அன்றைக்கு இடம் மாறும். அதை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

பக்கத்திலேயே ரிச்சி தெரு. ரேடியோ உதிரிபாகத்திலிருந்து கம்ப்யூட்டர் வரை அங்கே கிடைக்காத எலெக்ட்ரானிக்ஸ் சாமான் இல்லை. அந்தக் கடைகளில் பழுது பார்க்கிற இளைஞர்களின் கைத்திறமையைப் பள்ளி மாணவர்கள் பார்க்க வேண்டாமா? ஒரு பழைய ரேடியோவைப் பிரித்து, எது ஒலிபெருக்கி, எது மின்தேக்கி என்று காட்டி, திரும்பச் சேர்க்கிற ஒரு மாலை நிகழ்ச்சி. மேசையில் எளிய மின்னியல் புத்தகங்கள். சட்டம் 'வகுப்புகள்' என்று சொன்னது இதையும் சேர்த்துத்தான் என்று நான் கொள்கிறேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று பல நூலகங்களில் மேசைகள் நிறைந்திருப்பது அவர்களால்தான். குரூப் 4, காவலர் தேர்வு என்று தம் சொந்தப் புத்தகங்களோடு வந்து காலை முதல் உட்காருகிறார்கள். 'இவர்கள் நூலகப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, இடத்தை அடைக்கிறார்கள்' என்று இலக்கிய நண்பர்கள் சிலர் வருத்தப்படுவதுண்டு. அந்த வருத்தத்தில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் ஒரே அறை, அதில் ஐந்து பேர், டிவி ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஒரு மேசையும் மின்விசிறியும் அமைதியும் கொடுப்பது நூலகம் செய்யக்கூடிய பெரிய உதவிகளில் ஒன்று. அவர்கள் பாடத்திட்டத்திலேயே திருக்குறளும் சங்க இலக்கியமும் இருக்கின்றன. எந்த நூலை எழுதியவர் யார் என்று ஒற்றை வரியில் படிக்கிறார்கள். அந்த நூலை எழுந்து போய் அலமாரியிலிருந்து எடுக்கவைக்க ஒரு அரைமணிப் பேச்சு போதும். தேர்வில் வென்று வேலைக்குப் போன முன்னாள் வாசகரை அழைத்து அனுபவம் பேசச் சொன்னால் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கவும் வேண்டியதில்லை.

மனத்தை உறுத்துகிற ஒன்றையும் இந்த மேடையில் சொல்ல வேண்டும். கூவக்கரையில் இருந்த குடும்பங்கள் பல, கடந்த சில ஆண்டுகளில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் அடுக்குமாடி வீடுகள். நதி சீரமைப்பு வேண்டும், வெள்ளத்திலிருந்து பாதுகாப்பும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பள்ளி ஆண்டின் நடுவே பிள்ளைகளோடு லாரியில் ஏறிய குடும்பங்களும் உண்டு. பள்ளி போனது, தோழிகள் போனார்கள், நடந்து வந்த நூலகமும் போனது. அந்தப் பிள்ளைகளின் பேட்டை இது. ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை மாதம் ஒருமுறை அங்கே கொண்டுபோய்ப் படித்துக்காட்டி, பழையதை வாங்கிக்கொண்டு வருவது வாசகர் வட்டத்தால் ஆகக்கூடிய காரியம். நடமாட முடியாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகும் 'நூலக நண்பர்கள்' திட்டத்தை அரசே நடத்துகிறது. தூரத்துக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளையும் அதே அன்போடு சேர்த்துக்கொள்ளலாம். மன்னார்குடியில் மாட்டுவண்டியால் முடிந்தது, ஷேர் ஆட்டோவும் மெட்ரோவும் உள்ள ஊரில் முடியாதா?

இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்யப் புறப்பட்டால் மூன்றாவது மாதம் களைத்துப்போவோம். தொடர்ச்சிக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 1970இல் சென்னையில் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு மாதந்தோறும் கூடும். அந்த மாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கூட்டத்தில் சொல்வார். பன்னிரண்டு மாதக் கதைகள் ஆண்டு முடிவில் தொகுப்பாக வரும். ஆழ்வார்ப்பேட்டை சீனிவாச காந்தி நிலையத்தில் பல ஆண்டுகள் இப்படி நடந்தது. ஆடம்பரம் எதுவுமில்லை. ஒருவர் படிக்க வேண்டும், படித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும், தேதி மாறக் கூடாது. அவ்வளவுதான் ஏற்பாடு. நம் வாசகர் வட்டம் இதையே சுருக்கிச் செய்யலாம். மாதம் ஒருவர் இந்த நூலக அலமாரியிலிருந்து, பல ஆண்டுகளாக யாரும் எடுக்காத ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்து வந்து இருபது நிமிடம் பேசட்டும். பின்பக்கத்தில் ஒட்டிய தாளில் தேதி முத்திரை எப்போது விழுந்தது என்று பார்த்தாலே எந்தப் புத்தகம் என்று தெரிந்துவிடும். பேச்சு முடிந்ததும் அந்தப் புத்தகத்தை வேறொருவர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.

அதோடு, கூட்டப் பதிவேட்டில் ஒரு வழக்கத்தை மாற்றக் கேட்கிறேன். இப்போது தேதி, தலைப்பு, பேச்சாளர், வந்தவர் எண்ணிக்கை என்று எழுதுகிறோம். இன்னும் இரண்டு கட்டங்கள் போடுங்கள். கூட்டத்துக்குப் பின் ஒரு வாரத்தில் சேர்ந்த புதிய உறுப்பினர் எத்தனை, அந்தத் தலைப்பில் வெளியே போன புத்தகம் எத்தனை. நூறு பேர் வந்து ஒரு புத்தகமும் நகராத கூட்டமும், எட்டுப் பேர் வந்து ஆறு புத்தகம் போன கூட்டமும் அந்தப் பதிவேட்டில் பக்கத்துப் பக்கத்தில் தெரியட்டும்.

பணம் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. நூலக வரியை வசூலிக்கும் உள்ளாட்சி அமைப்புகள் அதை நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைக்கும் சிக்கல் அடிக்கடி செய்தித்தாளில் வருகிறது. நாம் நூலகத்துக்கென்று கட்டிய பணம் நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்பது வரி கட்டுவோர் எல்லோருடைய உரிமை. வாசகர் வட்டங்கள் சேர்ந்து கேட்டால் குரல் எட்டும். மற்றபடி, நான் மேலே சொன்ன நிகழ்ச்சிகளுக்கு ஆகும் செலவு பாய், டீ, பிஸ்கட். பேனர் வேண்டாம். மைக் வேண்டாம். பத்துப் பேருக்குக் குரல் போதும். பேப்பர் படிக்கும் பெரியவருக்கும் தொந்தரவு இராது. அவரையே ஒருநாள் பேசச் சொல்லலாம். இத்தனை ஆண்டு தினமும் செய்தித்தாள் படித்தவரிடம் இந்த நகரத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

பெரிய தடை நேரம்தான். ஆகவே ஒரு வேண்டுகோள். பிற்பகலிலும் திறந்திருக்கும் முழுநேர நூலகம் இந்தப் பேட்டைக்கு வேண்டும் என்று மாவட்ட நூலக அலுவலருக்கு வாசகர் வட்டத்தின் சார்பில் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். முழுநேரம் உடனே முடியாது என்றால், வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் மட்டுமாவது திறக்கக் கேட்போம். அந்த இரண்டு பிற்பகல்களிலும் நூலகருக்கு உதவியாகத் தன்னார்வலர் இருவர் இருப்பார்கள் என்று பெயரும் முகவரியும் கொடுத்துக் கேட்போம். விண்ணப்பத்தை எழுதித் தர நான் தயார். எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை நாம் முடிவு செய்யாமல், நாளைப் பிற்பகல் இரண்டு பேர் மீன் அங்காடிக்குப் போய் அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டு வாருங்கள். அவர்கள் சொல்கிற நேரத்தையே எழுதுகிறேன்.